மேலே கயிற்றைப் பிடித்திருப்பது யார்?

கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். வந்து தங்குகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதும் என் தலையில்தான் விழும், அதனால் குணா குகைக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. மண்ணுக்கு மேலே முறுக்கிக்கொண்டு கிடக்கிற மர வேர்களில் உட்கார்ந்து ஆளுக்கு நாலு போட்டோ எடுத்து முடித்து, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இதுக்குள்ள இறங்கியா சார் படம் எடுத்தாங்க?"

எந்தப் படம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 1991-ல் வந்த 'குணா' குழு நிஜமாகவே கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தது. அதுவரை டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த இடம் அதற்கப்புறம்தான் குணா குகை ஆனது. 2024-ல் வந்த மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வேறு கதை. 2006-ல் கொச்சி பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் இங்கே குழிக்குள் விழுந்துவிட, இன்னொருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மேலே கொண்டுவந்த உண்மைச் சம்பவம்தான் படம். ஆனால் நீங்கள் திரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்தக் குகையின் உள்பக்கம், கேரளத்துப் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி போட்ட செட்.

இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். எனக்கோ பேச்சே அங்கேதான் சூடு பிடிக்கும். செட் என்று தெரிந்த பிறகும் அந்தக் காட்சியில் வயிறு கலங்குகிறதே, அது எப்படி? மலையேற்ற சர்வைவல் த்ரில்லர் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது, எப்படி எடுக்கிறார்கள் என்று வீட்டு முற்றத்தில் டீ குடித்தபடி பலருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சர்வைவல் த்ரில்லர் என்றால் என்ன? உயிர் பிழைப்பது ஒன்றுதான் கதை. வில்லன் கிடையாது, இருந்தாலும் ஒப்புக்குத்தான். நம் படங்களில் ஹீரோ மாட்டிக்கொண்டால் அடித்து நொறுக்கி வெளியே வருவார். மலையிடம் அது நடக்காது, பஞ்ச் டயலாக்கும் எடுபடாது. புவியீர்ப்புக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அதனால் இந்த வகைப் படத்தில் எல்லாமே எண்ணிக்கைதான்: எவ்வளவு தண்ணீர் மிச்சம், எத்தனை மணிக்கு இருட்டும், கயிறு எவ்வளவு நீளம். அப்புறம் முக்கியமான ஒன்று, அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கையில்? என்னைக் கேட்டால் மலையேற்றப் படங்களின் மொத்தப் பயமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. உயரம் சும்மா பின்னணிதான்.

இதற்கு இமயமலைக்குப் போக வேண்டாம், நீலகிரிக்குப் போனால் போதும். அங்கே குறும்பர் பழங்குடியினர், செங்குத்துப் பாறையில் தேனீக்கள் கட்டியிருக்கிற மலைத்தேன் கூடுகளை எடுக்க, காட்டுக் கொடிகளைத் திரித்து ஏணி செய்து, அதை மேலே மரத்தில் கட்டிவிட்டு இறங்குவார்கள், அதுவும் பெரும்பாலும் இரவில். மேலே நின்று அந்த ஏணியைக் காவல் காக்கிற ஆள் மச்சானாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தவனாக இருப்பது அங்கே வழக்கம். காரணம் எளிது: தன் அக்கா தங்கச்சியின் தாலியை அவனே அறுக்க மாட்டான். மலையேறுபவர்கள் பிலே என்று சொல்வது இதைத்தான். ஒருவர் ஏற, இன்னொருவர் கயிற்றை ஒரு சின்னக் கருவி வழியாக விட்டும் இழுத்தும் பிடித்திருப்பார். மேலே இருப்பவர் வழுக்கினால் கீழே இருப்பவர் கயிற்றைப் பூட்ட வேண்டும். வெள்ளைக்காரர்கள் கருவி கண்டுபிடித்தார்கள், நம் மலைக்காரர்கள் உறவுமுறையையே கருவி ஆக்கிவிட்டார்கள்.

சங்கப் பாட்டிலேயே இந்த ஏணி உண்டு, மால்பு என்று பெயர். பழைய மால்பு என்று தெரியாமல் தேனுக்காக மலையில் ஏறி ஏமாந்துபோன ஒருவனைக் குறுந்தொகையில் உவமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இற்றுப்போன ஏணி, மேலே தேன், கீழே பள்ளம். இன்றைக்கு ஒரு டைரக்டர் கேட்டால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

சரி, கயிறு எப்படி ஒரு ஆளைக் காப்பாற்றுகிறது? கிணற்றில் வாளியை விட்டு, பாதியில் கை நழுவி, கயிறு வெடுக்கென்று இழுத்து நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. வாளிக்குப் பதில் அங்கே இடுப்பு. நீளாத கயிறாக இருந்தால் விழுந்த ஆளின் வேகம் முழுவதும் ஒரே கணத்தில் நின்று, எலும்பு முறியும். அதனால் ஏறுவதற்கான கயிறு ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும்படி நெய்யப்படுகிறது, பெரும்பாலும் 9 முதல் 11 மில்லிமீட்டர் தடிமன். அதற்கான தரச் சோதனையில் 80 கிலோ எடையைக் கட்டி விழ விடுவார்கள். கயிறு திருப்பித் தருகிற இழுவை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது, அதாவது 1,200 கிலோ தொங்குகிற அளவு. லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு வட்டக்கானல் பக்கம் ஏறப் போகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எவ்வளவு தூரம் விழுகிறோம் என்பது மட்டும் கணக்கில்லை. விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும், அதற்கு ஃபால் ஃபேக்டர் என்று பெயர். 20 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது 4 மீட்டர் விழுந்தால் 0.2 தான், கயிறு நீண்டு வாங்கிக்கொள்ளும். அதே 4 மீட்டர், கயிறு வெறும் 2 மீட்டர் என்றால் 2 வந்துவிடும். கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு 2 மீட்டர் மேலே இருந்து அவருக்கு 2 மீட்டர் கீழே வரை விழுகிற கேஸ் இது, ஏறுபவர்கள் கனவிலும் விரும்பாதது. இனி படத்தில் யாராவது விழும்போது கத்துவதைக் கேட்காதீர்கள், கயிறு எவ்வளவு வெளியே இருக்கிறது என்று பாருங்கள். நல்ல படம் என்றால் காட்டியிருப்பார்கள்.

கயிற்றுக்கு அடுத்தது முடிச்சு. 1936-ல் ஸ்விட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்கு முகத்தில் டோனி குர்ட்ஸ் என்ற இளைஞர், கூட வந்த மூன்று பேரும் இறந்த பிறகு, கயிற்றில் தொங்கியபடி இறங்கினார். மீட்க வந்தவர்கள் சில மீட்டர் கீழேதான் நின்றார்கள். கொடுத்த கயிறு நீளம் போதாமல் இரண்டு கயிறுகளை இணைத்திருந்தார்கள், அந்த முடிச்சு அவருடைய இடுப்பு வளையத்துக்குள் நுழையவில்லை. உறைந்துபோன விரல்களால் முட்டி மோதிப் பார்த்துவிட்டு அங்கேயே இறந்துபோனார். 2008-ல் வந்த 'நார்ட்வாண்ட்' என்ற ஜெர்மன் படம் இந்தக் கதைதான். முடிவு தெரிந்தே பார்த்தாலும் அந்த முடிச்சைப் பார்க்கும்போது கை தானாக நீள்கிறது.

இன்னொன்று 1985, பெரு நாட்டில் 6,344 மீட்டர் உயரமுள்ள சியுலா கிராண்டே. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது ஜோ சிம்ப்சனுக்குக் கால் முறிந்தது. கூட இருந்த சைமன் யேட்ஸ் இரண்டு கயிறுகளை முடிந்து, பனியில் பள்ளம் தோண்டி உட்கார்ந்துகொண்டு, நண்பனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இருட்டில், புயலில், சிம்ப்சன் ஒரு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிவிட்டார். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது, கத்தினாலும் கேட்காது, முடிச்சு கருவியில் வந்து நின்றுவிட்டதால் மேற்கொண்டு இறக்கவும் முடியாது, உட்கார்ந்திருந்த பனியோ கரைந்து சரிகிறது. யேட்ஸ் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் பனிப் பிளவுக்குள் விழுந்து, சாகாமல், மூன்று நாளுக்கு மேல் தவழ்ந்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். 2003-ல் கெவின் மெக்டொனால்ட் இதை 'டச்சிங் த வாய்ட்' என்று படமாக்கினார். நிஜ ஆட்கள் இருவரும் கேமராவைப் பார்த்துப் பேச, நடிகர்கள் மலையில் நடித்துக் காட்டுவார்கள். இரண்டு பேரும் பிழைத்தது நமக்கு முதல் நிமிடத்திலேயே தெரிகிறது, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியும் பயம் குறையவில்லை என்றால், நாம் பயந்தது சாவுக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? அந்தக் கத்தியை எடுக்கிற இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம் என்பதற்குத்தான்.

இப்போது மறுபடியும் மஞ்ஞும்மல் பசங்களிடம் வாருங்கள். அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் வடம் இழுக்கிற போட்டி வரும், பார்க்கும்போது சும்மா கலகலப்புக்கு வைத்த மாதிரி இருக்கும். பிற்பாதியில் அதே கைகள் குகை வாயில் நின்று, இறங்கியவரும் விழுந்தவருமாக இரண்டு ஆள் எடையை இழுக்கும்போதுதான் அந்தக் காட்சி எதற்கென்று புரியும். இழுப்பது சாமான்யம் இல்லை. பாறை விளிம்பில் கயிறு செங்குத்தாக மடங்குகிற இடத்தில் உராய்வு சேர்ந்துகொள்ளும், கீழே இருக்கிற எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகவே கையில் தெரியும். கிணற்றில் ராட்டினம் இல்லாமல் சுவர் விளிம்பில் கயிறு உரச இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். மீட்புப் படையினர் விளிம்பில் உருளையோ தடித்த துணியோ வைப்பது இதற்காகத்தான், கயிறு அறுபடாமல் இருப்பதற்கும் அதுவே.

இதுவரை சொன்னதெல்லாம் கதைக்குள் இருக்கிற கயிறு. படப்பிடிப்பில் இன்னொரு கயிறு உண்டு, அது உங்கள் கண்ணில் படக்கூடாது. நம் சினிமாக்காரர்கள் பாஷையில் அதற்கு ரோப் என்றுதான் பெயர்; "ரோப் கட்டியாச்சா?" என்றால் நடிகரின் சட்டைக்குள் இடுப்புப் பட்டை மாட்டி, அதிலிருந்து போகிற கம்பியையோ கயிற்றையோ ஸ்டண்ட் மாஸ்டரின் ஆட்கள் பிடித்தாயிற்றா என்று அர்த்தம். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை ஃபிரேம் ஃபிரேமாக அழிப்பார்கள். சண்டைப் படத்தில் பறக்கிற ஹீரோவுக்கு இதோடு வேலை முடிந்தது. மலைப் படத்தில் சிக்கலே இங்கேதான். நடிகரின் எடையை மறைவான ரோப் தாங்கிவிட்டால், காட்ட வேண்டிய கதைக் கயிறு தொளதொளவென்று கிடக்கும். உயிரைத் தாங்குகிற கயிறு அப்படிக் கிடக்குமா? விறைத்துப்போய்க் கிடக்கும், லேசாக முனகும், விளிம்பில் நார் பிரியும். அதனால் முடிந்த இடத்தில் கதைக் கயிற்றையே நிஜப் பாதுகாப்புக் கயிறாகவும் ஆக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அழிக்கிற செலவும் மிச்சம்.

இதற்கு நேர் தலைகீழான படம் ஒன்று இருக்கிறது. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் அமெரிக்காவின் எல் கேப்பிடன் பாறையில், கிட்டத்தட்ட 3,000 அடி, கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார், 'ஃப்ரீ சோலோ' அதன் ஆவணப்படம். கேமராவுக்கு முன்னால் இருப்பவருக்குக் கயிறு கிடையாது, பாறையில் தொங்கியபடி படம் எடுத்தவர்களுக்கு உண்டு. ஒளிப்பதிவாளர்களில் ஒருவர் பார்க்கவே முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் படத்திலேயே இருக்கிறது. எனக்கு அந்த ஏற்றத்தைவிட அந்த முகம்தான் மனதில் நிற்கிறது.

உயரத்தை எப்படிக் காட்டுகிறார்கள்? எல்லாவற்றையும் கிரீன் மேட்டில், அதாவது பச்சைத் திரைக்கு முன்னால், எடுத்துப் பின்னால் மலையை ஒட்டிவிடலாம் என்று நினைப்போம், ஆனால் வெயிலும் காற்றும் கிரீன் மேட்டில் வராது. 2022-ல் வந்த 'ஃபால்' படத்தில் 2,000 அடிக் கோபுரத்தின் உச்சியில் இரண்டு பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். படக்குழு 2,000 அடிக்குக் கட்டவில்லை. பாலைவனத்தில் ஒரு மலை விளிம்பில் கோபுரத்தின் மேல் பகுதியை மட்டும் சுமார் 100 அடிக்கு நிறுத்தினார்கள். கேமராவில் விளிம்பைத் தவிர்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவது கோபுரமும், எங்கோ கீழே கிடக்கிற நிலமும்தான். எங்கள் ஊர் டால்பின் நோஸ் பாறையில் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் தெரியாமலே செய்வது இதுதான்: பக்கத்தில் ஒரு பொருள், தூரத்தில் பள்ளம், நடுவில் எதுவும் இல்லை. நடுவில் இருப்பதை மறைத்தால் மூளை அங்கே ஆழத்தை நிரப்பிக்கொள்கிறது.

பழைய மலிவான வித்தை, சாய்ப்பது. தரையில் படுத்துத் தவழ்கிற ஆளைக் கேமராவைச் சாய்த்து எடுத்தால் செங்குத்தில் ஏறுகிற மாதிரி இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம், தொங்குகிற பொருளைப் பாருங்கள்: தலைமுடி, பையின் வார், கழுத்துச் சங்கிலி, கயிற்றின் வால். அவை காலை நோக்கித் தொங்காமல் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் ஆள் படுத்திருக்கிறார்.

ஒலியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் ஊர்த் தூண் பாறை சுமார் 400 அடி. அங்கிருந்து ஒரு கல் விழுந்தால் கீழே சேர ஏறக்குறைய 5 விநாடி ஆகும். படத்தில் 'அதல பாதாளம்' என்று சொல்லிவிட்டு இரண்டே விநாடியில் டொக் என்று சத்தம் வந்தால், அந்தப் பாதாளம் 65 அடிதான். (நீங்கள் கல் எறிந்து பார்க்க வேண்டாம், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.)

எவரெஸ்ட் படங்களில் வருகிற மூச்சுத் திணறல் எங்கள் மலைக்குப் பொருந்தாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், தொட்டபெட்டாவே 2,637 தான். உயரத்தால் வருகிற நோய் பொதுவாக 2,500-க்கு மேல்தான் தலைகாட்டும், 8,849 மீட்டர் உச்சியில் காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இங்கே சர்வைவல் கதை என்றால் குழி, வழுக்குப் பாறை, அட்டை, இருட்டு, அப்புறம் மேகம். மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. திகிலாக இருக்குமே என்பீர்கள், படம் எடுப்பவர்களுக்கு அது தலைவலி: ஆழம் தெரியாவிட்டால் உயரமும் தெரியாது, முதல் ஷாட்டில் வெயிலும் அடுத்த ஷாட்டில் வெள்ளைத் திரையும் வந்தால் எடிட்டிங்கில் ஒட்டாது. மூட்டை கட்டிக்கொண்டு கிடங்குக்குள் செட் போடப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் எனக்குப் புரிய வைத்தது என் மாமா பையன். போன வருஷம் லீவுக்கு வந்தவன், மொபைலில் ஒரு குறும்படம் எடுத்தே தீருவேன் என்று நின்றான், மலை உச்சியில் தொங்குகிற காட்சி வேண்டுமாம். உச்சிக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய்த் தோட்டத்தின் கல் சுவரைக் காட்டினேன். ஆறடிச் சுவர், கீழே புல், அதற்கப்பால் தோட்டம் சரிந்து இறங்கி எதிர்மலை தெரியும். முதலில் சாய்த்து எடுக்கலாம் என்றான். அவன் தரையில் தவழ, நான் மொபைலைச் சாய்த்துப் பிடிக்க, நன்றாகத்தான் வந்தது, போட்டுப் பார்த்தால் பின்னால் அம்மாவின் கோழி ஒன்று செங்குத்துப் பாறையில் சாவகாசமாக மேய்ந்துகொண்டு போகிறது.

அடுத்து சுவரிலேயே தொங்கினான். மொபைலைச் சுவர் விளிம்பில் வைத்து, புல் தெரியாதபடி கோணம் பார்த்து, எதிர்மலையை மட்டும் பின்னால் விட்டோம். இடுப்பில் ஒரு கயிறு, அதன் நுனி என் கையில். ஐந்து டேக் போயிற்று, முகத்தில் பயமே வரவில்லை, டயலாக்கை ஒப்பித்துக்கொண்டிருந்தான். ஆறாவது டேக்கில் எனக்குக் கை வலித்துப்போய், பிடியை மாற்றிப் பிடிப்பதற்காகக் கயிற்றை அரை விநாடி தளர்த்தினேன். அவன் பாதத்துக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அது அவனுக்கும் நன்றாகவே தெரியும். ஆனாலும் கண் விரிந்து, இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டயலாக்கை மறந்து கத்தினான்: "மச்சான், விட்டுறாத!"

அந்த டேக்கைத்தான் வைத்திருக்கிறோம்.